அப்பாவின் காலண்டர் கருத்துகள்

எங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். காலையில் குளித்து, திருநீறு பூசி, தோளில் ஈரத் துண்டோடு கூடத்துச் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார். நேற்றைய தாளைப் பிடித்து ஒரே இழுப்பு. மேலே தகரப் பட்டையில் ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் பைண்டிங் செய்தவருக்கு அன்றைக்கு அர்ச்சனை.

பிறகு புதிய தாளின் அடியில் இருக்கும் வரியை, அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார்.

"டெரிலின் சட்டை வேர்வையை உடம்புக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது."

படித்துவிட்டுத் தலையை ஆட்டி, "சரியாச் சொல்லியிருக்கு" என்பார். சொன்னது அவரே. எழுதியதும் அவர், அச்சடித்ததும் அவர். ஆனால் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்போல அவர் முகத்தில் ஒரு வியப்பு வரும் பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அச்சகம் சிவகாசியில் வீட்டை ஒட்டியே இருந்தது. முன்கட்டில் மெஷின், பின்கட்டில் நாங்கள். வெடிக்கு லேபிள், தீப்பெட்டிக்கு லேபிள், வருஷக் கடைசியில் காலண்டர். அந்த ஊரில் இது ஒரு விசேஷமே இல்லை. எல்லாருடைய தினசரி காலண்டரிலும் ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், அடியில் ஒரு பொன்மொழி இருக்கும்.

அந்தப் பொன்மொழிமேல்தான் அப்பாவுக்குக் கடுப்பு. "செத்தவன் சொன்னதையே எம்புட்டு வருசம் அச்சடிக்கிறது? உயிரோட இருக்கிறவன் சொன்னா ஆகாதா?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிறவன் என்றால் அவர்தான்.

அப்படியாக ஒரு வருஷம் பொன்மொழி இறங்கி, அப்பாவின் கருத்து ஏறியது. அந்தக் காலண்டரை ஆர்டர் கொடுத்தவர் விருதுநகரில் எண்ணெயும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்த தங்கவேல் அண்ணாச்சி. அட்டையில் அம்மன் படம், அதன் கீழே அவருடைய கடைப் பெயர் கொட்டை எழுத்தில். தாளின் அடியில் என்ன போடுகிறார்கள் என்று அண்ணாச்சி கேட்கவில்லை. பொன்மொழியைப் படித்துப் பார்த்தா காலண்டர் வாங்குகிறார்கள்?

எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து

நயா பைசா வந்த காலத்திலேயே அப்பாவுக்கு இந்த வியாதி முற்றிவிட்டது. நூறு பைசாவை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க முடியாது, ஆகவே இது குடும்பங்களைப் பிரிக்கும் திட்டம் என்றார். பதினாறு அணாவை மட்டும் மூன்றாகப் பிரிக்க முடியுமா என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ரஷ்யாக்காரன் ஆகாசத்துக்கு நாயை அனுப்பிய செய்தியை அவர் கடைசிவரை நம்பவில்லை. திரியை எந்தப் பக்கம் பற்ற வைத்தார்கள் என்று பேப்பரில் போடவில்லையே, அது ஒன்று போதாதா என்பார். சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் முதலில் சிவகாசிக்கு வந்து ஒரு சீசன் வேலை பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் தீர்ப்பு. இதுவும் பிறகு காலண்டரில் வந்தது. நல்ல முகூர்த்த நாள் அது. எத்தனை கல்யாண வீட்டில் படித்துச் சிரித்தார்களோ.

அம்மாவின் அண்ணன் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சம்சாரி, விவசாயம்தான் பிழைப்பு. கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வைத்தார். கரண்டில் இறைத்த தண்ணீரில் சத்து கிடையாது, பயிர் நிற்கும், காய் பிடிக்காது என்று அப்பா பந்தியில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். அந்தத் தண்ணீரில் விளைந்த கத்தரிக்காய்க் கூட்டு அப்போது அவர் இலையில் இரண்டாம் தடவை விழுந்துகொண்டிருந்தது.

மழையைப் பற்றியும் கருத்து உண்டு. மழை இல்லாததால்தான் சிவகாசி பிழைக்கிறது, தாள் காய்கிறது, வெடிமருந்து காய்கிறது, மழை கேட்டு யாரும் சாமி கும்பிடக் கூடாது. "அப்ப எங்க அண்ணன் வீட்டு வத்தலும் உளுந்தும் எந்த மழையில விளையுதுன்னு நினைச்சு வாங்கித் திங்கிறீக?" என்று அம்மா கேட்பாள். அதற்கும் பேப்பர் விரியும்.

இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. ஒருவரை ஏமாற்றியதில்லை, கை ஓங்கியதில்லை. ஒரு விஷயம் தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் அவருக்கு வாய் வராது, அவ்வளவுதான். இப்போது காலையில் எழுந்து கைப்பேசியைப் பார்த்தால், சொந்தக்காரர்கள் அனுப்பும் பொருளாதாரமும் விஞ்ஞானமும் வரிசையாக வந்து கிடக்கின்றன. அப்பா இறந்துபோனதாகவே எனக்குத் தோன்றுவதில்லை.

புரூஃப் பார்க்கிற பிள்ளை

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்தேன். அச்சடிக்கும் முன் புரூஃப் தாளைப் படித்துப் பிழை திருத்துவது என் வேலை. நல்ல மார்க். மேலே படிக்க வைக்கச் சொல்லித் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்தார். அப்பா அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, கல்வி முறையில் உள்ள கோளாறுகளை விளக்கி, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

விருதுநகரில் பெண்கள் கல்லூரி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பஸ்ஸில் போய்வரும் தூரம். எங்கள் தெருவிலிருந்தே ஒருத்தி போய்வந்தாள். சாயங்காலம் அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு நான் வாசலில் வந்து நிற்பேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்டேன். அப்பா கோபப்பட மாட்டார். நிஜமாகவே புரியாமல், "நீ போயிட்டா இங்கன புரூஃப் யாரு பாக்குறது, பாப்பா?" என்று கேட்பார். என் கண்ணுக்கு ஒரு கால் எழுத்துகூடத் தப்பாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பெருமையே எனக்கு விலங்கு. நான் பிழை விட்டிருந்தால் என்றைக்கோ கல்லூரிக்குத் துரத்தியிருப்பார்.

இரண்டு ஜூன் போய்விட்டது. மூன்றாவதும் போனால் கல்யாணம் என்று பேச்சு இருந்தது. ஜாதகம் எடுத்தாகிவிட்டது. எனக்கு இருந்தது அந்த ஒரு ஜூன்தான்.

சரக்கு தீர்ந்தது

அதற்கு முந்தைய தீபாவளி லேபிள் வேலை ஓய்ந்து, அப்பாவின் கருத்தோடு வரப்போகும் அந்த முதல் காலண்டரின் வேலை சூடு பிடித்திருந்தது. வருஷத்தில் எத்தனை நாள் உண்டோ அத்தனை கருத்து வேண்டும் என்பதை அப்பா யோசிக்கவே இல்லை. ஆரம்பத்தில் அருவிபோலக் கொட்டினார். பாதி வருஷத்தைத் தாண்டுவதற்குள் அருவி நின்றுவிட்டது. அதிலும் தேதி வரிசையாக எழுதினாரா என்றால் இல்லை. பிடித்த தேதிகளை எல்லாம் நிரப்பிவிட்டு, நடுநடுவே பொக்கை வாய் மாதிரி விட்டு வைத்திருந்தார்.

எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மேட்டர் கேட்டு வந்து வந்து நின்றார். மெஷின் சும்மா நின்றது. அப்பா தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உலகத்தில் தனக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

கடைசியில் எழுதிய தாள்களைக் கட்டாக என் மடியில் போட்டார். "மிச்சத்தை நீ போடு பாப்பா. என் தோரணை உனக்குத் தெரியும்ல" என்றார்.

தெரியாமல் என்ன? பிறந்ததிலிருந்து கேட்கிறேன். தெரியாத விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், பட்டென்று தீர்ப்புச் சொல்ல வேண்டும், யாராவது ஒருவன் தலையில் பழியைப் போட வேண்டும், காரணம் சொல்லாமல் நிறுத்திவிட வேண்டும். பந்துமுனைப் பேனாவால் எழுதுகிறவனுக்குக் கையெழுத்து மட்டுமல்ல, நாணயமும் கெடும் என்று எழுதினேன். அமெரிக்கக் கோதுமை சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியானத் தூக்கம் வராது, அதுதான் அவர்கள் சூழ்ச்சி என்று எழுதினேன். எழுத எழுத எளிதாக வந்தது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ஜூன் மாதத்துப் பொக்கைகளுக்கு வந்தேன். கல்லூரியில் சேர்க்கை முடிகிற வாரமாகப் பார்த்து, அப்பாவின் தோரணையிலேயே, இதை எழுதினேன்:

"பெண் பிள்ளையைப் படிக்க வைக்காத வியாபாரி, பாதிச் சரக்கைக் குடோனில் பூட்டி வைத்துவிட்டு நஷ்டம் நஷ்டம் என்று அழுகிறவன்."

அந்த ஒரு வரி மட்டும்தான் நான் நம்பி எழுதியது.

புரூஃபை அப்பா ஒரு பார்வை பார்த்தார். அந்த வரியில் விரலை வைத்து, "இதை எப்ப எழுதினேன்? நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். நான் எழுதியது என்று சொன்னேன். "ம்" என்றார். விரல் ஏற்கெனவே அடுத்த வரிக்குப் போயிருந்தது.

ரூபாய் விழுந்த வாரம்

புது வருஷம் பிறந்தது. காலண்டர் ஊர் ஊராகப் போய்த் தொங்கியது. டெரிலின் தாள் வந்த அன்று சாத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் காலண்டரையே கழற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்பா அதைத் தன் எழுத்தின் வலிமை என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு அந்த ஜூன் வந்தது. ஒரு நாள் காலைப் பேப்பரைத் திறந்தால், சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது. கடைத்தெருவில் வேறு பேச்சே இல்லை. என்ன ஏறும், என்ன இறங்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லாரும் பேசினார்கள்.

அந்த வாரமே அப்பா வழக்கம்போல நேற்றைய தாளைக் கிழித்தார். அடியில் இருந்தது இது: "ரூபாயின் மதிப்பைக் குறைக்க எந்தச் சர்க்காரும் துணியாது. வீண் பீதி வேண்டாம்."

அன்றுதான் முதல் தடவையாக அவர் உரக்கப் படிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் விருதுநகர் பஸ்ஸிலிருந்து தங்கவேல் அண்ணாச்சி இறங்கினார். சட்டைப் பையில் அந்தத் தாள். வெயிலில் வந்த முகம் வத்தல் மாதிரி இருந்தது. அம்மா கொடுத்த மோரைக்கூடக் கையில் வாங்கவில்லை. கடைக்கு வருகிறவன் எல்லாம் தன் பெயர் போட்ட காலண்டரைக் காட்டி, அண்ணாச்சி பீதி வேண்டாங்கிறாரு, பருப்பைப் பழைய விலைக்கே போடுங்க என்று கேலி பண்ணுவதாகக் குமுறினார். அடுத்த வருஷம் ஒழுங்காகப் பொன்மொழி போடுவதாக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் சிவகாசியில் அச்சகமா இல்லை என்றார்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தால் ஒரு மன்னிப்போடு முடித்திருப்பேன். அப்பா என்ன செய்தார்? மெஷினை நிறுத்தச் சொன்னார். வேலை பார்த்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"துணியாதுன்னுதான் சொன்னேன், அண்ணாச்சி. துணிஞ்சது அவுக தப்பு. நான் போட்டது போட்டதுதான். ஒரு வரியும் வாபஸ் கிடையாது. அதுல இருக்கிற ஒவ்வொண்ணும் நான் என் வீட்ல நடக்கிற வழி. யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்" என்றார்.

அண்ணாச்சி மோர் குடிக்காமலே கிளம்பிப் போனார். பெரிய ஆர்டர் ஒன்று பஸ் ஏறிப் போவதை அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ உள்ளே வேறு கணக்கு ஓடியது. சுவரில் அந்தத் தாளுக்குக் கீழே என்னென்ன தாள் இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் மனப்பாடம்.

குடோன் சாவி

அந்த நாளும் வந்தது. நான் கூடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கிழித்தார். ரூபாய் விவகாரம் கொஞ்சம் ஆறியிருந்ததால் பழையபடி குரலெடுத்துப் படித்தார். வியாபாரி, சரக்கு, குடோன், நஷ்டம் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாக, ருசித்துப் படித்தார்.

"யோசிக்க வேண்டிய விசயம்" என்றார். தலையை ஆட்டினார். என்னைத் தாண்டி நடந்துபோய்ப் பலகையில் உட்கார்ந்து இட்லி கேட்டார்.

நான் அங்கேயேதான் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார். தண்ணீர் எடுத்து வை என்றுகூடச் சொன்னார். அந்த வரிக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர் மூளைக்கு எட்டவே இல்லை. ஒரு மனிதனை இதற்கு மேல் எப்படித் தட்டி எழுப்புவது? எனக்கு அழுகையும் வந்தது, அவர் தலையில் அந்தக் காலண்டர் அட்டையால் ஒன்று போடலாமா என்றும் வந்தது.

இட்லித் தட்டை வைத்துக்கொண்டே அம்மா சாதாரணமாகக் கேட்டாள்: "நம்ம வீட்டுக் குடோன் சாவி யாருகிட்ட இருக்கு?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எந்தக் குடோன் என்றார். அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். அப்பாவின் கையில் இட்லி அப்படியே நின்றது.

"அது பொதுவா எழுதினது" என்றார் கடைசியில். பிறகு இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். அவர் இரண்டோடு எழுந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அண்ணாச்சி மறுபடி வந்தார்

மறுநாள் விருதுநகர் பஸ் மறுபடி தங்கவேல் அண்ணாச்சியை இறக்கியது. இந்தத் தடவை தனியாக வரவில்லை. கூட என் வயதில் அவருடைய மகள். அவள் கையில் புத்தம் புது நோட்டுகள், அண்ணாச்சி சட்டைப் பையில் மறுபடி ஒரு தாள்.

அவர் வீட்டிலும் நடந்தது இதே கூத்துதான். அந்தப் பெண்ணும் படிக்கக் கேட்டிருக்கிறாள், அவரும் மறுத்திருக்கிறார். அந்தத் தாள் வந்த காலையில் அவள் காலண்டரைக் கழற்றிக்கொண்டு நேரே கடைக்கே போய், ஆட்கள் எல்லாரும் பார்க்க அதை மேசைமேல் வைத்து, மேலே இருக்கிற பெயர் யாருடையது என்று கேட்டிருக்கிறாள். கடைத்தெரு கூடிவிட்டது. அண்ணாச்சி தாராள மனசுக்காரர் என்று நாலு பேர் கையைப் பிடித்துப் பாராட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எப்படி இல்லை என்பார்?

இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. பாராட்டு அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மோரையும் வாங்கிக் குடித்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தேசத்தின் பொருளாதாரமே பெண் கல்வியில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க தாளைப் பார்த்துத்தான் நேத்து என் மகளைச் சேர்த்தேன். ஒவ்வொண்ணும் உங்க வீட்ல நடக்கிற வழின்னு நீங்கதான் சொன்னீக. உங்க மக எந்த வருசம் படிக்கா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதை நிறுத்தச் சொல்லவில்லை. அது இன்னும் கொஞ்சம் சத்தமாக ஓடக் கூடாதா என்று ஆசைப்பட்டிருப்பார். என்னைப் பார்த்தார். என் கையில் காயாத புரூஃப் தாள், விரலெல்லாம் மை. மாட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நாளைக்குத்தான் சேர்க்கணும்னு இருந்தோம்" என்றார் அப்பா.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் விருதுநகர் போனோம். வழியெல்லாம் பஸ் சர்வீஸ்களைச் சர்க்கார் நடத்தலாமா கூடாதா என்று பேசிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே போனேன்.

பொருளாதாரம்

பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பை முடித்து, நான் பட்டத்துக்கு எடுத்தது பொருளாதாரம். அந்த வீட்டில் ஒருவராவது அதைப் படித்துவிட்டுப் பேசட்டும் என்ற எரிச்சல்தான் காரணம். ஜாதகத்தை அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். புரூஃப் மட்டும் என்னை விடவில்லை. போகும்போது பஸ்ஸில் லேபிள் புரூஃப், வரும்போது காலண்டர் புரூஃப்.

அண்ணாச்சி ஆர்டரை நிறுத்தவில்லை, அப்பாவும் கருத்தை நிறுத்தவில்லை. பெண் கல்விக்காக அன்றைக்கே எழுதியவன் நான் என்று கல்யாண வீடு, துக்க வீடு, சங்கக் கூட்டம் என்று பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில் அதற்காக அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, அந்த வரி நான் எழுதினது. நீங்கதான் மிச்சத்தைப் போடச் சொன்னீக. அப்பவே உங்ககிட்டச் சொன்னேன்" என்றேன்.

அப்பா துண்டை மடித்து வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அவர் பார்வையில் கோபமே இல்லை, முழுக்க இரக்கம்தான் இருந்தது. என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"அதிகம் படிச்சா இப்படித்தான் பாப்பா. எல்லாத்தையும் நாமதான் எழுதினோம்னு தோணும்."

சொன்னதும் அவருக்கே அது பிடித்துவிட்டது. எழுந்து போய்ப் பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த வருஷக் காலண்டரில், ஜூன் மாதத்தில், அதுவும் வந்தது. புரூஃப் நான்தான் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.